இலந்தையும் கருவேலமும் கேட்ட பாட்டு

கங்குபாய் அம்போரே பாடிய பாட்டுக்கு அடியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். பாடியவர் பெயர், ஊர் தட்கலஸ், மாவட்டம் பர்பணி. பிறகு சாதி, வயது, பிள்ளைகள், தொழில். மகாராஷ்டிரத் திரிகைப் பாட்டுத் தொகுப்பில் பெண்களை அறிமுகப்படுத்தும்போது இப்படித்தான் செய்கிறார்கள். நாட்டார் பாட்டுக்கு இந்தியாவில் செய்யப்பட்ட மரியாதைகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன். அப்படியிருந்தும் அந்தக் குறிப்பின் முதல் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கங்குபாய் பாடியவர் என்றால், இயற்றியவர் யார்?

புனே என்றதும் இசை ரசிகருக்கு நினைவு வருவது 1953-இல் பீம்சேன் ஜோஷி தொடங்கிய சவாய் கந்தர்வா விழா. மேடை, தம்பூரா, விடிய விடியக் கச்சேரி. அதே ஊரை இருப்பிடமாகக் கொண்டு, மேடையே இல்லாத ஒரு பேரிசையும் சேகரிக்கப்பட்டது. அதில் 1,00,000-க்கும் மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. 1,000-க்கும் மேற்பட்ட ஊர்களைச் சேர்ந்த 3,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அவற்றைப் பாடியிருக்கிறார்கள். அந்தக் கடலுக்குள் கங்குபாயின் ஒலிப்பதிவுகள் ஒரு சிறு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை ஒரு பாடலாசிரியரின் இசைத்தொகுப்பாக எடுத்துக்கொண்டு, அதற்குரிய அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. சமூகவியல் சான்றாகவும் பெண்ணின் துயரச் சாட்சியமாகவும் அதை நிறையப் பேர் வாசித்துவிட்டார்கள். பாட்டாகக் கேட்டவர்கள் குறைவு.

முதலில் தொகுப்பின் கதை. ஹேமா ராய்ர்கர், கீ ப்வாத்வான் என்ற இரண்டு சமூக ஆய்வாளர்கள் புனேயிலிருந்து இதைத் தொடங்கினார்கள். ப்வாத்வான் பிரான்சிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். புனே மாவட்டத்து மலையூர்களில் 'கரீப் டோங்கரி சங்கட்னா', அதாவது ஏழை மலைமக்கள் சங்கம் என்ற அமைப்போடு இருவரும் வேலை செய்தார்கள். அந்தச் சங்கத்துப் பெண்களே தங்கள் தாயாரிடமும் மாமியாரிடமும் அண்டை வீட்டாரிடமும் பாட்டுகளைக் கேட்டு எழுதிக் கொண்டுவந்தார்கள். 1990-களில் பெர்னார் பெல் என்ற பிரெஞ்சு இசையியல் அறிஞர் சேர்ந்தபிறகு ஒலிப்பதிவு தொடங்கியது. சுமார் 120 மணி நேரம் பதிவானது. ப்வாத்வான் 2004-இலும் ராய்ர்கர் 2010-இலும் மறைந்தார்கள். பின்னர் சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் நிறுவிய 'பாரி' ஆவணக் களஞ்சியம் பொறுப்பேற்க, நமிதா வாய்க்கரின் குழு 2017-இல் இவற்றை மொழிபெயர்ப்போடு வெளியிடத் தொடங்கியது. கங்குபாயை நாம் கேட்க முடிவது இந்தக் கைமாற்றங்களால்தான்.

முள்ஷி வட்டத்தில்தான் இந்தச் சேகரிப்பு வேர்விட்டது. இன்று ஹிஞ்சவடி கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் தினமும் போய்வருவதும் அதே முள்ஷி வட்டத்துக்குத்தான். 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் அணைக்கு எதிராகச் சத்தியாகிரகம் நடந்ததும் அங்கேதான். மழை அடித்து ஊற்றும் மலைச்சரிவு. கேழ்வரகு, நெல். கங்குபாயின் பர்பணியோ மராத்வாடாவின் வறண்ட கரிசல், சோளமும் பருத்தியும் விளையும் மண். மண் மாறினாலும் திரிகை ஒன்று, பாட்டின் உருவமும் ஒன்று.

அந்த உருவத்துக்கு 'ஓவி' என்று பெயர். ஞானேசுவரர் 1290 வாக்கில் கீதைக்கு மராத்தியில் உரை பாடியபோது கையாண்ட யாப்புக்கும் இதே பெயர்தான். பண்டிதர்கள் திரிகை ஓவியை அதன் ஏழைத் தங்கை போலப் பேசுவதுண்டு. எனக்கு உறவு தலைகீழாகத்தான் தெரிகிறது. அடுப்பங்கரையில் கேட்ட சந்தத்தைத்தான் ஞானி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இதை நிறுவ என்னிடம் ஏடு எதுவும் கிடையாது, காது மட்டும் உண்டு. திரிகை ஓவிக்குப் பெரும்பாலும் இரண்டு அடிகள். முதல் அடி ஒரு பொருளையோ ஆளையோ முன்வைக்கும், இரண்டாவது அடி அதன்மேல் ஒன்றை ஏற்றி வைக்கும். நடுவில் 'பாய்', 'சயீ' போன்ற விளிகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் அவை வெறும் நிரப்புச் சொற்கள். பாட்டில் மூச்சு வாங்கும் இடம் அதுதான். ஒருத்தி எடுக்க, திரிகையின் மறுபக்கம் உட்கார்ந்தவள் தொடுப்பாள். ஒரே முளையை இரண்டு கைகள் பிடித்துச் சுற்றுகின்றன. கல் சுற்றும் வேகத்தோடு பாட்டின் நடை இணைந்து போகிறது.

நேரம் விடிவதற்கு முன். வீட்டார் எல்லாம் தூங்குகிறார்கள். கல்லின் கரகரப்பு பேச்சை மூடிக்கொள்கிறது. பகலில் மாமியார் காதில் விழக்கூடாததை அந்த இரைச்சலுக்குள் பாடிவிடலாம். கூட்டத்துக்காகப் பாடாத பாட்டு என்பதால் அலங்காரத்துக்குத் தேவையே இல்லாமல் போகிறது. குரல் நான்கைந்து சுரங்களைத் தாண்டிப் போவதில்லை. ஏறும், கொஞ்சம் நிற்கும், இறங்கும். அவ்வளவு குறுகிய இடத்தில் வேறுபாடு காட்ட வேண்டும் என்றால் அதை இழுப்பிலும் நிறுத்தத்திலும் மட்டும்தான் காட்ட முடியும்.

கங்குபாய் உயர்ந்து நிற்பது அந்த இழுப்பிலும் நிறுத்தத்திலும்தான். 1996 ஏப்ரலில் பெர்னார் பெல் தட்கலஸில் பதிவு செய்தது சீதையைப் பற்றிய ஓவிகள். இராமன் வீட்டைவிட்டு அனுப்பிய சீதை, முடி சூடிய பின் நடந்த அந்த இரண்டாவது வனவாசம். காட்டில் அழும் அவளை யார் கேட்கிறார்கள்? இலந்தையும் கருவேலமும் பெண்களாகி நின்று கேட்கின்றன, ஆற்றுகின்றன. வால்மீகியின் ஆசிரமத்தையும் முனிவர் சொன்ன தேறுதலையும் நாம் படித்திருக்கிறோம். இந்தப் பாட்டு தேர்ந்தெடுத்தது இரண்டு முள்மரங்களை. நிழலுக்கென்றோ பூவுக்கென்றோ யாரும் தேடிப் போகாதவை, வேலிக்கு வெட்டிப் போடப்படுபவை. ஆலும் அரசும் கோவில் வாசலில் மஞ்சள் கட்டி நிற்கும்போது, தள்ளி வைக்கப்பட்டவளுக்குத் துணை வருபவை ஊருக்கு வெளியே நிற்கும் முள்மரங்கள்தான் என்று கண்டுகொண்ட மனம் பெரிய கவிமனம். நம் கரிசல்காட்டு வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பாடும் முறை அந்தக் கற்பனைக்கு ஈடு கொடுக்கிறது. அழுகையைப் பற்றிப் பாடும்போது அழும் குரலைக் கொண்டுவரும் பழக்கம் நம் திரையிசையில் ஊறிப்போனது. கங்குபாய் அதைச் செய்யவில்லை. அடியின் முடிவில் வரும் உயிரொலியை நீட்டிப் பிடித்து, அது தளர்வதற்கு முன் விட்டுவிடுகிறார். துயரத்தைக் குரல் சுமக்கிறது, காட்டிக்கொள்வதில்லை.

எதிர்க்கட்சியின் வாதம் வலுவானது, அதைச் சுருக்கிச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. சீதையை முள்மரங்கள் ஆற்றும் காட்சி கங்குபாய் படைத்தது அல்ல. வேறு ஊர்ப் பெண்களும் அதைப் பாடுகிறார்கள். தாய் பாடியதை மகள் எடுத்துக்கொள்கிறாள், பிறந்த வீட்டுப் பாட்டு புகுந்த வீட்டுக்குப் போகிறது. யாருக்கும் சொந்தமில்லாத சொத்து இது. அப்படியிருக்க ஒருத்தியை ஆசிரியர் என்று அழைப்பது, தனிமனிதரைக் கொண்டாடும் புதுக்கால மனப்பான்மையைப் பழம்பாட்டின் மேல் ஏற்றுவது ஆகாதா?

இதற்கு இரண்டு மறுமொழிகள். ஒன்று ஒப்பாரியிலிருந்து. ஒப்பாரியின் அடிகளில் பாதிக்குமேல் வழிவழியாக வருபவை. முத்துப் பல்லக்கும் பவளக் கட்டிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனாலும் இழவு வீட்டில் நன்றாகச் சொல்லி அழத் தெரிந்தவள் யார் என்று ஊருக்குத் தெரியும். எந்த அடிக்குப் பின் எந்த அடி, எங்கே பெயரைப் போடுவது, எங்கே ஓர் உறவை மறைத்துவிடுவது என்பதெல்லாம் அவள் அங்கேயே கட்டுவது. கச்சேரியில் நிரவலைப் பாடகருடையது என்று ஒப்புக்கொள்ளும் நாம், முற்றத்தில் நடக்கும் அதே செயலை மரபு என்று சொல்லி ஆளை அழித்துவிடுகிறோம். நூறு ஓவி தெரிந்த பெண் அன்று விடியலில் சீதையைத் தேர்ந்தெடுத்தாள் என்றால் அந்தத் தேர்வே ஆக்கம்தான்.

இரண்டாவது மறுமொழி இந்தத் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது, இன்னும் உறுதியானது. பீட் மாவட்டம் மாஜல்காவைச் சேர்ந்த ராதாபாய் போர்ஹாடே அம்பேத்கரைப் பற்றிப் பாடிய ஓவிகளைக் கேளுங்கள். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அதைப் பாடும் ஓவி ஞானேசுவரர் காலத்துப் பாட்டியிடமிருந்து வந்திருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டில், மாவு அரைத்துக்கொண்டே, தன் காலத்துச் செய்தியைத் தன் யாப்பில் யாரோ ஒரு பெண் கட்டியிருக்கிறாள். எழுத்து தெரியாத பெண்களும் புதிதாக இயற்றினார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பொது மரபு என்ற ஒரே போர்வையால் அத்தனை பேரையும் மூடுவது இதற்குப் பிறகு சோம்பல்தான்.

தமிழில் நாம் இதில் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். உலக்கை குற்றும் பாட்டுக்கு 'வள்ளை' என்று அழகான பெயர் வைத்த மொழி இது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு இருக்கிறது. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் பெண்கள் சுண்ணம் இடிக்கும் சந்தத்திலேயே அமைந்தது. இரண்டும் பெரும் கவிதை. இரண்டும் பெண் குரலில் ஆண் பாடியவை. உரலடியில் அந்தச் சந்தத்தை உண்டாக்கிய பெண் ஒருத்தியின் பெயரும் நம்மிடம் இல்லை. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலை நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறேன். அதில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் வரும், பாடிய பெண்ணின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. கொல்லங்குடி கருப்பாயியைத் தமிழகம் முழுக்கத் தெரிந்துகொள்ள, வானொலி போதாமல் 1985-இல் 'ஆண்பாவம்' என்ற திரைப்படமும் வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில் புனே தொகுப்பின் அந்தச் சிறு குறிப்பைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

பெயர் போவதால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கத் தெற்கு நமக்குக் காட்டிவிட்டது. 'கன்ட்ரி' இசையும் 'சோல்' இசையும் கலந்து அங்கே 'கன்ட்ரி சோல்' என்ற இசைவகை பிறந்தது. மிசிசிப்பியில் பிறந்த பாபி ஜென்ட்ரி 1967-இல் தானே எழுதிப் பாடிய 'ஓட் டு பில்லி ஜோ' அந்த மண்ணின் பெரிய பாட்டு. சாப்பாட்டு மேசையில் ஒரு சாவைப் பற்றிப் பேசுகிறார்கள், முக்கியமானதை யாரும் சொல்வதில்லை. ஜென்ட்ரிக்குப் பெயரும் விருதும் கிடைத்தன. அதே தெற்கில், அலபாமாவில் துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்த வேரா ஹால் என்ற கறுப்பினப் பெண்ணின் பாட்டுகளை லோமக்ஸ் தந்தையும் மகனும் பதிவு செய்தார்கள். மகன் ஆலன் அவர் வாழ்க்கையை நூலாக்கியபோது 'நோரா' என்று பெயரை மாற்றிப் போட்டார். 1999-இல் மோபி என்ற இசைக்கலைஞர் வேரா ஹாலின் குரலை வெட்டியெடுத்துத் தன் 'ப்ளே' தொகுப்பில் சேர்த்தார். அது உலகமெங்கும் ஒலித்தது. கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடிப் போயிருப்பார்கள்? கங்குபாய்க்கு அந்தக் கதி நேராமல் தொகுப்பு காப்பாற்றியிருக்கிறது. மதிப்பீட்டில் இதற்கு நான் கொடுக்கும் எடை மிகப் பெரியது.

இனிக் குறைகள். முதல் குறை ஆழமானது, அது தொகுப்பின் அடித்தளத்திலேயே இருக்கிறது. ஹேமா ராய்ர்கர் ஒவ்வொரு ஓவியையும் பொருள்வாரியாகப் பிரித்தார். சீதை, தாயும் மகளும், அண்ணன் தங்கை, உழைப்பு, அம்பேத்கர், பண்டரிபுரம் என்று தலைப்பு, துணைத்தலைப்பு, அதற்குள் எண். ஒரு லட்சம் பாட்டைக் கையாள அது இல்லாமல் முடியாது. அந்த உழைப்பின் முன் நான் வணங்கி நிற்கிறேன். ஆனால் ஓவி தனியாக வாழ்வதில்லை. ஒரு விடியலில் ஒருத்தி சீதையில் தொடங்கி, தாயிடம் போய், அண்ணன் வராத தீபாவளியைத் தொட்டு, பண்டரிபுரத்து விட்டலனிடம் முடித்திருக்கலாம். அந்தப் போக்குதான் அவள் கட்டிய பாட்டு. வகைப்பாடு அந்தச் சரத்தை அறுத்து, பூக்களை நிறவாரியாக வெவ்வேறு கூடைகளில் போடுகிறது. ஆய்வாளருக்கு அது வசதி. பாடலாசிரியருக்கு இழப்பு. 'இயற்றியவர்' என்ற சொல் அந்தக் குறிப்பில் வராமல் போனதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. கட்டுமானம் கண்ணுக்குத் தெரியாமல் போனபின் கட்டியவள் எங்கே தெரிவாள்?

இரண்டாவது குறை, எழுத்து முந்தி ஒலி பிந்தி வந்தது. பெரும்பாலான ஓவிகள் நமக்கு வெறும் வரிகளாகத்தான் கிடைக்கின்றன. வரியில் 'பாய்', 'சயீ' இருக்கும், மூச்சு இருக்காது. ஒலிப்பதிவு தொடங்கிய காலத்தில் மின்சார மாவு மில் ஊரூராக வந்து திரிகையை மூலைக்கு அனுப்பிவிட்டிருந்தது, கல்யாண வீட்டில் மஞ்சள் அரைக்க மட்டும் அது வெளியே வந்தது. ஆகவே கல்லின் ஓசை இல்லாமல், நினைவிலிருந்து, ஒலிவாங்கிக்குப் பாடிய பாட்டுகளே மிகுதி. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. காலம் கடந்துவிட்டது.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். கங்குபாயை அறிமுகப்படுத்திய கட்டுரை அவரைக் கிராமத்தின் குரல், மராத்தியின் ஆன்மா என்கிறது. அவர் நிலமுள்ள உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதும், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு ஊர்க் கோவிலில் வாழ்ந்தார் என்பதும் நமக்குச் சொல்லப்படுகின்றன. தெரிய வேண்டிய உண்மைகள்தான். ஆனால் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால் காது சோம்பிவிடுகிறது. சீதை என்று அவர் பாடும்போதெல்லாம் நாம் 'கங்குபாய்' என்று மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். அவர் இரண்டு முள்மரங்களைத் தேர்ந்தெடுத்த திறமை நம் இரக்கத்தில் மூழ்கிப்போகிறது. துயரம் பட்டவர்கள் கோடி, அதில் இப்படிப் பாடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வாழ்க்கையிலிருந்து பாட்டு தானாக ஒழுகி வந்தது போலப் பேசுவது பெண் கலைஞர்களுக்கு மட்டுமே நடக்கிறது. மராத்தி பக்திக் கவி ஜனாபாய் திரிகை சுற்றியபோது விட்டலனே வந்து கூடச் சுற்றினான் என்ற கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கதையில்கூடக் கடவுள் கல்லைத்தான் சுற்றுகிறான். பாட்டு ஜனாபாயுடையது.

ஆன்மா என்ற சொல் இன்னொரு வகையிலும் என்னை உறுத்துகிறது. ஒருத்தியை ஒரு மொழியின் ஆன்மா ஆக்கிவிட்டால் அவளுடைய தனித்தன்மையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை போய்விடும். முள்ஷியின் நாந்த்காவில் குசும் சோனவணே பாடுவதைக் கேட்டுவிட்டு இவரிடம் வந்தால் வேறுபாடு காதில் அறையும். அங்கே கூட்டுக் குரல், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கும் சுறுசுறுப்பு. இங்கே தனிமை, எடுத்துக்கொடுக்க எதிரில் ஆளில்லாத இடைவெளி. இருவரையும் ஒரே ஆன்மாவின் இரண்டு கிளை என்று சொல்வதால் இருவருமே குறைகிறார்கள்.

என் தீர்ப்பு இது. கங்குபாயின் சீதை ஓவிகள், கடந்த நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் பதிவான பெண் பாடலாசிரியர் இசையில் முதல் வரிசையில் வைக்கத் தக்கவை. கற்பனை, சொற்செட்டு, குரல் மூன்றிலும் அவை நிற்கின்றன. வழிவழி வந்த அடிகள் என்ற காரணம் அவற்றின் மதிப்பைக் குறைக்கவில்லை. தொகுப்பு முழுவதையும் நூலாக மதிப்பிட்டால், மொழியியலிலும் பெண் வரலாற்றிலும் அதற்கு இணை காண்பது அரிது. இசைப் பதிவாக மதிப்பிட்டால் அது இன்னும் பாதி வேலைதான். செய்தவர்கள் திறமைக் குறைவால் அப்படி ஆகவில்லை. பாட்டைப் பொருளுக்காகத் தேடிப் போனார்கள், பொருள் கிடைத்தது.

மீதிப் பாதியைச் செய்ய இன்னும் வழி இருக்கிறது. நாடாக்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஊரில் எந்த நாளில் யார் பாடினார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. பொருள் வகைப்பாட்டை ஆய்வாளருக்கு விட்டுவிட்டு, ஒரு பெண்ணின் பாட்டுகளை அவள் பாடிய வரிசையிலேயே, இடையில் அவள் இருமியதையும் பக்கத்தில் யாரோ பேசியதையும் வெட்டாமல், அவள் பெயரில் ஒரு தொகுப்பாக வெளியிட வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு கடைசியில் வரட்டும். முதல் தொகுப்பு தட்கலஸ், ஏப்ரல் 1996. மேலே போட வேண்டியது: இயற்றிப் பாடியவர், கங்குபாய் அம்போரே.